12 போர் ஷாட்கன் ஆக்‌ஷனில் இரட்டைக்குழல் ரைஃபிள்: எந்தத் தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: டெக்சாஸ்வாசி

அனைவருக்கும் வணக்கம். நான் டெக்சாஸில் வசிக்கிறேன். பர்மிங்காமில் செய்யப்பட்ட பழைய 12 போர் (குழலின் உள்விட்ட அளவு) பக்கவாட்டு இரட்டைக்குழல் ஷாட்கன் ஒன்று என்னிடம் உள்ளது. ஆன்சன் அண்ட் டீலி வகைப் பாக்ஸ்லாக் (சுடும் இயக்கம் உள்ளேயே அடங்கிய அமைப்பு). அதன் குழல்கள் உட்புறம் அரித்துப்போய், இனிச் சுடுவதற்குத் தகுதியற்றவை என்று இங்குள்ள உரிமம் பெற்ற துப்பாக்கித் தொழிலாளர் கூறிவிட்டார். ஆக்‌ஷனில் (குழல்களைப் பின்னாலிருந்து பூட்டிப் பிடிக்கும் உடற்பகுதியில்) தளர்ச்சி எதுவும் இல்லை என்றும், விரும்பினால் ரைஃபிள் குழல்கள் இரண்டைப் பொருத்தி இரட்டைக்குழல் ரைஃபிளாக மாற்றித்தர முடியும் என்றும், ஆனால் எந்தத் தோட்டாவுக்கு மாற்றுவது என்பதை நான்தான் முடிவு செய்ய வேண்டும் என்றும் சொல்கிறார்.

இங்கே பண்ணைகளை நாசம் செய்யும் காட்டுப்பன்றிகளை நூறு கெஜத்துக்கு உட்பட்ட தூரத்தில் சுடுவதற்கே எனக்கு இது தேவை. ஆயினும் இரட்டைக்குழல் ரைஃபிள் என்றவுடன் மனம் .470 நைட்ரோ எக்ஸ்பிரஸை நோக்கித்தான் போகிறது. அத்தோட்டாவைவிட 12 போர் தோட்டா உருவத்தில் பெரியது. அவ்வளவு பெரிய தோட்டாவைத் தாங்கிய ஆக்‌ஷன் இதைத் தாங்காதா என்பது என் முதல் ஐயம். .470 ஆகாது என்றால் 9.3×74ஆர், .30-06, .45-70, .30-30 ஆகியவற்றுள் எது தகும்? விவரம் அறிந்தவர்கள் காரணத்தோடு விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி 1: பர்மிங்காம் பட்டறை

தம்பி, பட்டறைக்குப் பணம் கொடுப்பதற்கு முன்பே இதைக் கேட்டது நல்லதாயிற்று. தோட்டாவின் உருவத்தை வைத்து ஆக்‌ஷனின் வலுவை எடைபோடக் கூடாது. பார்க்க வேண்டியவை இரண்டு. அவற்றை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளவும் கூடாது. முதலாவது, அறைக்குள் எழும் அழுத்தம். அதைக் குழலின் சுவரும், பித்தளைக் கூடும், மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரும் தாங்க வேண்டும். இரண்டாவது, அந்த அழுத்தம் தோட்டாவின் அடிப்பாகத்தின் வழியாக ஆக்‌ஷனின் பின்சுவர் மீது செலுத்தும் பின்னுதைப்பு. அதை ஆக்‌ஷனும், கீல் ஊசியும், பூட்டுத் தாழும் தாங்க வேண்டும். புதிய குழல்கள் நல்ல எஃகில் தடிமனாக அமையுமாதலால் முதலாவதைச் சமாளிக்க வழி உண்டு. ஆக்‌ஷனோ பழையதாகவே இருக்கப்போகிறது. எனவே தேர்வை முடிவு செய்ய வேண்டியது இரண்டாவதுதான்.

பின்னுதைப்பைத் தோராயமாகக் கணக்கிடுவது எளிது: அதிகபட்ச அழுத்தத்தைத் தோட்டாவின் அடிப்பாகப் பரப்பால் பெருக்கினால் போதும். பித்தளைக் கூடு அறைச்சுவரைப் பற்றிக்கொள்வதால் உண்மையான உதைப்பு இதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனால் அறையில் எண்ணெய் படிந்திருந்தால் அந்தப் பிடிப்பு போய்விடும். ஆகவே பிடிப்பே இல்லை என்று வைத்துக் கணக்கிடுவதுதான் பாதுகாப்பு. நான் எல்லாத் தோட்டாக்களுக்கும் கூட்டின் வெளிவிட்டத்தையே எடுத்துக்கொள்கிறேன். ஒன்றோடொன்று ஒப்பிட அது போதும்.

அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டாத் தயாரிப்பாளர் அமைப்பான எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. வரையறையில் 12 போருக்கு அதிகபட்சம் 11,500 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அளவு). அடிவிட்டம் ஏறத்தாழ 0.81 அங்குலம். பெருக்கினால் சுமார் 2,700 கிலோ விசை வரும். உங்கள் ஆக்‌ஷன் வாழ்நாள் முழுவதும் வாங்கிய உதைப்பின் உச்சவரம்பு இது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் காலத்துத் தோட்டாக்கள் இதற்கும் கீழேயே இருந்திருக்கும். இனி நீங்கள் கேட்டவற்றைப் பார்ப்போம். .470-இன் அடிவிட்டம் 0.573 அங்குலம்தான், ஆனால் ஐரோப்பியத் தர அமைப்பான சி.ஐ.பி.யின் வரையறையில் அதன் அழுத்தம் 2,700 பார், அதாவது 39,000 பிஎஸ்ஐக்குச் சற்று மேல். உதைப்பு ஏறத்தாழ 4,580 கிலோ ஆகிறது. 12 போரைவிட 70 விழுக்காடு கூடுதல். .30-06 பார்வைக்கு ஒல்லியாக இருந்தாலும் 60,000 பிஎஸ்ஐ என்பதால் 4,730 கிலோவை எட்டி .470-ஐயும் மிஞ்சிவிடுகிறது. 9.3×74ஆர் 3,400 பாரில் சுமார் 3,860 கிலோ. இம்மூன்றும் உங்கள் ஆக்‌ஷனுக்கு ஆகாதவை.

.45-70 அப்படியல்ல. 1873-இல் ஸ்பிரிங்ஃபீல்ட் ராணுவத் துப்பாக்கிக்காகக் கரிமருந்தோடு (புகை மிகுந்த பழைய வெடிமருந்து) பிறந்த தோட்டா அது. எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. அதற்கு 28,000 பிஎஸ்ஐயை மட்டுமே அனுமதிக்கிறது. அடிவிட்டம் 0.505 அங்குலம்; உதைப்பு ஏறத்தாழ 2,540 கிலோ. 12 போரின் வரம்புக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. 405 கிரெயின் (சுமார் 26 கிராம்) எடையுள்ள குண்டு நொடிக்கு 1,300 அடியை ஒட்டிய வேகத்தில் புறப்படும். நூறு கெஜத்துக்குள் காட்டுப்பன்றிக்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. விளிம்புள்ள தோட்டா என்பதால் கூட்டை வெளியே தள்ளும் எக்ஸ்டிராக்டர் அமைப்பும் எளிதாகிறது. விளிம்பில்லாத .30-06 போன்றவற்றுக்குத் தோட்டாவின் பள்ளத்தில் கொக்கியிடும் சிறு ஸ்பிரிங் நாக்கு தேவைப்படும். அழுக்கேறினால் முதலில் பழுதாவது அதுதான்.

என் பரிந்துரை .45-70.

மறுமொழி 2: ரைன்கரையான்

ஐயாவின் கணக்கை மறுக்கவில்லை. ஆனால் 9.3×74ஆர் தோட்டாவை ஒரே வரியில் ஒதுக்கியது எனக்கு உறுத்துகிறது. நான் வசிக்கும் ஜெர்மனியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இரட்டைக்குழல் ரைஃபிள்களுக்கும் மூன்றுகுழல் துப்பாக்கிகளுக்கும் இதுவே நிலைபெற்ற தோட்டாக்களில் ஒன்றாக இருக்கிறது. சூல் நகரத்து மெர்க்கெல் முதலியோர் செய்யும் பக்கவாட்டு ரைஃபிள்களின் ஆக்‌ஷன் பார்வைக்கு அவர்களுடைய ஷாட்கன் ஆக்‌ஷனைப் போலவேதான் இருக்கிறது. அமெரிக்காவிலும் பிரவுனிங் நிறுவனம் தன் 20 போர் மேல்கீழ்க் குழல் ஆக்‌ஷனில் .30-06 குழல்களைப் பொருத்தி, காண்டினென்டல் என்ற பெயரில் விற்றது. ரஷ்யாவின் பைக்கால் எம்பி-221 அவர்களுடைய சாதாரண ஷாட்கனிலிருந்து உருவானது, அதுவும் .45-70, .30-06 ஆகிய இரண்டிலும் கிடைத்தது. இவையெல்லாம் நொறுங்கிவிடவில்லையே. அப்படியிருக்க, ஷாட்கனின் உதைப்பு அளவையே உச்சவரம்பாகக் கொள்வது மிகையான அச்சம் ஆகாதா?

இன்னொன்றையும் கேட்கிறேன். .45-70 உங்களுக்கு 28,000 பிஎஸ்ஐ தோட்டாவாகத் தெரியலாம். ஆனால் இன்றைய வலுவான ரைஃபிள்களுக்கென்று அதைவிட மிகக் கடுமையாக நிரப்பப்பட்ட .45-70 தோட்டாக்களும் அமெரிக்கக் கடைகளில் அடுக்கப்பட்டிருக்கின்றன. உருவத்தில் வேறுபாடு இல்லை. பெட்டியின் மேல் அச்சிட்ட எச்சரிக்கை மட்டுமே வேறு. நம் நண்பர் கவனமாக இருப்பார். அவருக்குப் பின் அத்துப்பாக்கி யார் கைக்குப் போகுமோ, அவரும் கவனமாக இருப்பார் என்பதற்கு என்ன உறுதி?

மறுமொழி 3: உலோகவியல் படித்தவள்

ரைன்கரையான் அவர்களின் முதல் கேள்விக்கு என் துறை சார்ந்து பதில் சொல்கிறேன். அவர் குறிப்பிட்ட துப்பாக்கிகளின் ஆக்‌ஷன்கள், அந்தத் தோட்டாக்களுக்கென்றே எஃகைத் தேர்ந்து, உரிய வெப்பப் பதப்படுத்தலுக்கு உட்படுத்தி, ஆய்வுக்கூடத்தில் மிகை அழுத்தத் தோட்டாவைச் சுட்டுப் பார்த்து வெளியிடப்பட்டவை. பழைய பர்மிங்காம் ஆக்‌ஷனின் கதை வேறு. அது பெரும்பாலும் கரிமம் குறைந்த மென்னெஃகில் அடித்து உருவாக்கப்பட்டு, எலும்புக்கரியில் வைத்துச் சூடேற்றி மேற்பரப்பு மட்டும் கடினமாக்கப்பட்டது. பார்ப்பவர்களை மயக்கும் அந்த நீலமும் பழுப்பும் கலந்த வண்ணப் படலம் அந்தச் செயல்முறையின் விளைவே. தேய்மானத்தைத் தாங்குவதற்கு இது மிகச் சிறந்த முறை. ஆனால் உள்ளே இருப்பது மென்மையான எஃகு. நெகிழ்வெல்லையைத் தாண்டிய விசை வந்தால் அது உடைந்து எச்சரிப்பதற்குப் பதிலாக மெல்ல வளைந்துகொடுக்கும்.

எங்கே வளையும் என்பதையும் சொல்ல வேண்டும். பின்னுதைப்பு குழலின் மையக்கோட்டில் செயல்படுகிறது. அதை எதிர்த்துப் பிடிக்கும் கீல் ஊசியும் குழலடிக் கட்டைகளும் அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கின்றன. இந்த உயர வேறுபாடு ஒரு நெம்புகோலாகி, ஒவ்வொரு முறை சுடும்போதும் பின்சுவரைப் பின்னோக்கிச் சாய்க்க முயல்கிறது. பின்சுவரும் ஆக்‌ஷனின் தட்டையான மேல்தளமும் சந்திக்கும் உள்மூலையில்தான் தகைவு குவிகிறது. அந்த மூலை கூர்மையாக வெட்டப்பட்டிருந்தால் விரிசல் அங்கிருந்தே தொடங்கும். நல்ல தொழிலாளர்கள் அதைச் சிறு வளைவாக விடுவதன் காரணம் இதுவே. பக்கவாட்டு அமைப்பில் இன்னொரு சுமையும் சேர்கிறது: வலக்குழல் சுடும்போது விசை நடுக்கோட்டுக்கு வலப்புறம் விழுவதால் ஆக்‌ஷன் முறுக்கப்படுகிறது. கிரீனர் குறுக்குத் தாழ், மெர்க்கெல் மேல்கீழ் துப்பாக்கிகளில் காணப்படும் கெர்ஸ்டன் தாழ் போன்றவை குழலின் மேற்பகுதியையும் பின்சுவரோடு பிணைப்பதால், அவை சரியாக இழைத்துப் பொருத்தப்பட்டிருந்தால் இந்தச் சாய்வைக் குறைக்கும். ஆன்சன் அண்ட் டீலி 1875-இல் காப்புரிமை பெற்ற வடிவமைப்பு சுடும் பூட்டியக்கத்தைப் பற்றியது, குழலைப் பிணைக்கும் தாழைப் பற்றியதல்ல. அந்தப் பெயரைத் தாங்கிய துப்பாக்கிகளில் மேல்தாழ் உள்ளவையும் உண்டு, இல்லாதவையும் உண்டு. கேள்வி கேட்டவர் தம்முடையதில் அது உள்ளதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஆகவே ஷாட்கனின் உதைப்பு அளவை உச்சவரம்பாகக் கொள்வது, ஆக்‌ஷனின் எஃகைப் பற்றி எதுவும் தெரியாத நிலையில், நமக்குக் கிடைத்துள்ள ஒரே நம்பகமான சான்றைப் பயன்படுத்துவதாகும். அதை மிகையான அச்சம் என்று என்னால் ஒப்ப முடியவில்லை. ஒரு முறை தாங்கியது ஆயிரம் முறை தாங்கும் என்ற விதியும் உலோகத்துக்கு இல்லை.

மறுமொழி 4: டெக்சாஸ்வாசி

இவ்வளவு பொறுமையாக விளக்கிய மூவருக்கும் நன்றி. என் துப்பாக்கியில் மேல்தாழ் இல்லை. கீழே இரட்டைத் தாழ் மட்டுமே உள்ளது. எனவே 9.3×74ஆர், .30-06, .470 மூன்றையும் விட்டுவிடுகிறேன். ஆனால் ரைன்கரையான் அவர்களின் இரண்டாவது கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை. .45-70-இல் கடுமையான தோட்டாக்கள் புழங்குவது உண்மை. இங்கே கடையில் நானே பார்த்திருக்கிறேன். .30-30 இதற்கு மாற்றாகுமா? அல்லது பழைய கரிமருந்துக் காலத்து .450 எக்ஸ்பிரஸ் போன்ற தோட்டாவை எடுத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இருக்காதல்லவா?

மறுமொழி 5: பர்மிங்காம் பட்டறை

ரைன்கரையான் எழுப்பியது நியாயமான கேள்வி. நான் அதை முதலிலேயே பேசியிருக்க வேண்டிய அளவுக்கு முக்கியமானதும்கூட.

கரிமருந்துத் தோட்டாவுக்குப் போனால் தொல்லை தீரும் என்று எண்ணாதீர்கள். 3¼ அங்குல .450 கரிமருந்து எக்ஸ்பிரஸின் கூட்டையே அடிப்படையாகக் கொண்டுதான் 1898-இல் ஜான் ரிக்பி .450 நைட்ரோ எக்ஸ்பிரஸை வெளியிட்டார். கரிமருந்துக்காகச் செய்த அறைக்குள் புகையற்ற மருந்து நிரப்பிய நைட்ரோ தோட்டா தடையின்றிப் போய் உட்கார்ந்துவிடும். அழுத்தமோ வானுக்கும் பூமிக்கும் உள்ள வேறுபாடு. (நம் நாட்டோடு தொடர்புள்ள செய்தி என்பதால் சொல்கிறேன்: கிளர்ச்சியாளர் கைக்குக் குண்டுகள் போகும் என்று அஞ்சி, 1907-ஐ ஒட்டி ஆங்கில அரசு இந்தியாவில் .450 விட்டத் தோட்டாக்களைத் தடை செய்தது. அந்தத் தடையால் ஏற்பட்ட இடைவெளியில்தான் நீங்கள் விரும்பிய .470 முதலியவை வேரூன்றின.) .38-55-ஐ நினைத்தாலும் இதே நிலைதான். 1978-இல் வந்த .375 வின்செஸ்டர் அதே அறைக்குள் நுழையும், சி.யு.பி. என்னும் பழைய அழுத்த அளவையில் .38-55-க்கு வரம்பு 30,000, .375-க்கு 52,000.

இந்த வகையில் .30-30 தனித்து நிற்கிறது. 1895-இல் புகையற்ற மருந்தோடு வந்த இத்தோட்டாவை உலகம் முழுவதும் லீவர் ரைஃபிள்களுக்காகவே நிரப்புகிறார்கள்; கடைகளில் அதற்கு முரட்டு உடன்பிறப்பு கிடையாது. 42,000 பிஎஸ்ஐ, அடிவிட்டம் 0.422 அங்குலம்; உதைப்பு சுமார் 2,670 கிலோ. 12 போரின் வரம்பை ஒட்டி நிற்கிறது, தாண்டவில்லை. விளிம்பும் உண்டு.

ஆனால் உதைப்பு சமமாக இருந்தாலும் அழுத்தம் சமமில்லை என்பதை மறக்கக் கூடாது. ஷாட்கனில் பிரைமரை அடிக்கும் ஊசி வெளிவரும் ஊசித்துளை பெரும்பாலும் அகலமாக இருக்கும்; 11,500 பிஎஸ்ஐயில் அதனால் கேடில்லை. 42,000-இல் பிரைமரின் மெல்லிய உலோகம் அத்துளைக்குள் பிதுங்கும். கிழிந்தால் சூடான வாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வரும். ஆகவே .30-30 ஆனாலும் .45-70 ஆனாலும் ஊசித்துளைக்குப் புதிய புஷ் (சிறு துளையுள்ள உலோக வளையம்) இட்டு, ஊசியையும் ரைஃபிளுக்கு ஏற்ற அளவுக்கு மாற்ற வேண்டும். இதைப் பற்றிப் பேச்செடுக்காத தொழிலாளரிடம் வேலையை ஒப்படைக்க வேண்டாம். 28,000-க்கும் 42,000-க்கும் இடையே உள்ள தொலைவு இந்த இடத்தில்தான் .45-70-க்குச் சாதகமாகிறது.

நான் இன்னமும் .45-70 பக்கமே நிற்கிறேன். ஆனால் ஒரு நிபந்தனையோடு. குழலின் மேலேயே, அறைக்கு அருகில், 28,000 பிஎஸ்ஐக்கு மேல் கூடாது என்றும், எந்த எடைக் குண்டு என்றும் ஆழமாகப் பொறிக்கச் சொல்லுங்கள். இங்கே இங்கிலாந்தில் இத்தகைய மாற்றத்துக்குப் பின் அந்தத் துப்பாக்கியை விற்க வேண்டுமானால் லண்டன் அல்லது பர்மிங்காம் சோதனைக்கூடத்தில் மறுசோதனை செய்து முத்திரை பெற்றாக வேண்டும். முத்திரையில் வரம்பு தெரிந்துவிடும். அமெரிக்காவில் கட்டாய அரசுச் சோதனைக்கூடம் இல்லை. அதனால் அந்தப் பொறுப்பு முழுவதும் உங்கள் மீதும் உங்கள் தொழிலாளர் மீதும் விழுகிறது. அவரிடம் மிகை அழுத்தச் சோதனைத் தோட்டாவைத் தொலைவிலிருந்து கயிறு கட்டிச் சுட்டுப் பார்த்து, முன்னும் பின்னும் பின்சுவர் இடைவெளியை அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். அதற்குத் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.

மறுமொழி 6: ரைன்கரையான்

ஊசித்துளை பற்றியும் உலோகத்தைப் பற்றியும் கூறப்பட்டவற்றை ஏற்கிறேன். பழைய ஆக்‌ஷனில் 9.3 வேண்டாம் என்பதில் இனி எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. .45-70-க்கும் .30-30-க்கும் இடையே என் வாக்கு .30-30-க்கே. பொறித்த எழுத்தை எல்லாரும் படிப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

குழல்களை இசைவிப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் அதையும் சேர்க்கிறேன். இரட்டைக்குழல் ரைஃபிளில் இரு குழல்களும் ஒரே புள்ளியில் சுட வேண்டுமானால், ஒரு குறிப்பிட்ட குண்டெடைக்கும் வேகத்துக்கும் ஏற்ப அவற்றின் வாய்களை நகர்த்திப் பற்றவைக்கிறார்கள். வலக்குழல் சுடும்போது துப்பாக்கி மேலும் வலமும் திரும்பும். குண்டு வாயை விட்டுப் போவதற்குள் அத்திருப்பம் தொடங்கிவிடுகிறது. இசைவித்ததைவிட மெதுவான தோட்டாவைப் போட்டால் குண்டு குழலுக்குள் அதிக நேரம் தங்குவதால் இரு குழல்களின் அடிகளும் விலகி விழும். வேகமானதைப் போட்டால் குறுக்கிட்டுப் போகும். எனவே .45-70-ஐயே எடுத்தாலும், கடுமையான தோட்டா அந்தத் துப்பாக்கியில் ஆபத்தானது மட்டுமல்ல, குறியும் தவறும். எத்தோட்டாவைத் தேர்ந்தாலும், பல ஆண்டுகள் தொடர்ந்து கிடைக்கக்கூடிய ஒரே தயாரிப்பின் ஒரே வகையை முடிவு செய்து, போதுமான அளவு வாங்கி வைத்துக்கொண்டு, அதைத் தொழிலாளரிடம் கொடுத்து இசைவிக்கச் சொல்லுங்கள்.

மறுமொழி 7: உலோகவியல் படித்தவள்

இந்த இழையை 12 போரைவிடச் சிறிய 20 போர் வைத்திருப்பவர்களும் படிக்கக்கூடும் என்பதால் ஒரு குறிப்பு. பர்மிங்காம் ஐயாவின் முறையிலேயே கணக்கிட்டால் 20 போரின் உதைப்பு 12,000 பிஎஸ்ஐயில் சுமார் 2,090 கிலோதான். .45-70 அதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல்; .30-30 இன்னும் கூடுதல். எனவே இங்கே சொன்ன முடிவுகளை 20 போர் ஆக்‌ஷனுக்கு அப்படியே எடுத்துச் செல்லக் கூடாது. .357 மேக்னம் 35,000 பிஎஸ்ஐயானாலும் அடிவிட்டம் 0.379 அங்குலம் மட்டுமே என்பதால் சுமார் 1,790 கிலோவில் நின்றுவிடுகிறது. சிறிய ஆக்‌ஷனுக்கு அதைப் பரிசீலிக்கலாம். .44 மேக்னத்தைச் சிறிய தோட்டா என்று எண்ணி எடுத்துவிட வேண்டாம். அது ஏறத்தாழ 12 போருக்குச் சமமாக உதைக்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு: இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிய உரிமம் இல்லாமல் இத்தகைய மாற்றத்தைச் செய்வதோ செய்விப்பதோ குற்றம்.

மறுமொழி 8: டெக்சாஸ்வாசி

.45-70 என்று முடிவு செய்துவிட்டேன். பன்றிக்கு எடைமிக்க மெதுவான குண்டே எனக்கு ஏற்றதாகத் தோன்றுகிறது. பழைய எஃகுக்கும் குறைந்த அழுத்தமே நல்லது. ரைன்கரையான் அவர்களின் எச்சரிக்கையை மனத்தில் கொண்டு, பொறிப்பு குழலில் மட்டுமின்றி, துப்பாக்கியைத் திறந்தவுடன் கண்ணில் படும் பின்சுவரின் மேல் விளிம்பிலும் இருக்க வேண்டும் என்று கேட்கப்போகிறேன். பின்சுவரில் வெட்டெழுத்து இடுவது அதன் வலுவைக் குறைக்குமா என்பதை மட்டும் உலோகவியல் படித்த சகோதரி சொல்ல வேண்டும்.

மறுமொழி 9: உலோகவியல் படித்தவள்

பின்சுவரில் வேண்டாம், அண்ணா. கடினமாக்கிய மேற்பரப்பில் கூர்மையான வெட்டு எங்கே விழுந்தாலும் விரிசலுக்கு இடம் கொடுக்கும். குழல்களின் அடித்தட்டில், சோதனை முத்திரைகள் வழக்கமாக இடம்பெறும் அதே இடத்தில் பொறிக்கச் சொல்லுங்கள். பார்வையில் படும்படி இன்னொன்றும் வேண்டுமானால், இரு குழல்களுக்கும் நடுவே ஓடும் மேல்பட்டையில் அறைக்கு அருகே இடலாம். அந்தப் பட்டை பின்னுதைப்பைத் தாங்குவதில்லை.